இடப்பக்கம் சாய்ந்த குமிழி

மாலை நாலரை மணி. ஜனவரி மாதம். யெட்லினா கிராமத்துக்கு ஏறுகிற மலைப்பாதை... அந்த நேரத்துக்கே அங்கே கும்மிருட்டு. பனி வாரும் வண்டி பாலத்தோடு திரும்பிப் போய்விட்டது. அதற்கு மேல் சக்கரம் ஏறாது. காரை ஓரம் கட்டி, விளக்கை அணைத்து, ஒரு பெண்மணி இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயது. தோளில் தோல் பை. இனி ஒன்றரைக் கிலோமீட்டர் நடைதான். இரண்டு பக்கமும் ஃபிர் மரங்கள். காற்று இல்லை. பனியில் அவள் பூட்ஸ் பதிகிற சத்தம் மட்டும்... நறுக்... நறுக்...

நம் லுபோரின் பெரியம்மா. பெயர் மிலாடா. லுபோர் இதை என்னிடம் சொன்னபோது ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்து நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள். கதவைத் தாழ் போட்டாயிற்றா? சரி.

மிலாடாவின் தொழில் உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய கண்ணாடிச் சாமானைக் கையில் வாங்கிப் பார்ப்பாள். யார் செய்தது, எந்தக் காலத்தில் செய்தது என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பாள். அந்தக் கடிதம் இருந்தால் பிராக் ஏலத்தில் மறுபேச்சு கிடையாது. இருபத்திரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நீலப் பூச்சாடி வந்தது. நூற்றைம்பது வருடப் பழசு என்று எழுதினாள். அது ஏதோ ஒரு கார் ஷெட்டில் எட்டு மாதம் முன்பு, உருகிய கண்ணாடியைக் குழலில் ஊதிச் செய்தது. ஊதியவனே டிவியில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். அருங்காட்சியகத்தில் அவள் உட்கார்ந்திருந்த நிபுணர் நாற்காலி போயிற்று. கடையில் பால் வாங்க நின்றால், "பால் புதுசா பழசான்னு இந்த அம்மாகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. மூன்று வருடமாக ஒரு டம்ளரைக்கூட யாரும் அவளிடம் கொண்டுவரவில்லை.

அப்போதுதான் ரடோவன் போன் செய்தான். பழைய சாமான் வியாபாரி. நாக்கில் தேன் தடவிய ஆள். யெட்லினாவின் கடைசி வீட்டை வாங்கியிருந்தான். ஒரு காலத்தில் ஜெர்மன்காரர்கள் இருந்த வீடு. இரண்டாம் உலகப் போர் முடிந்து அவர்களை அனுப்பிவிட்ட பிறகு, கோடைக்கு மட்டும் யார் யாரோ வந்து தங்கிப் போன வீடு. மாடியில் ஒரு பலகைச் சுவரைப் பெயர்த்தானாம். உள்ளே வைக்கோல் அடைத்த பெட்டி. பெட்டிக்குள் ஐந்து கோப்பைகள்.

"ஹெல்மிக் மாதிரி இருக்கு மேடம். நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

"என்கிட்ட ஏன் வர்ற? ஊர்ல வேற ஆள் இல்லையா?"

"வேற ஆளுங்க ஆறு மாசம் இழுப்பாங்க. நீங்க சீக்கிரம் பாத்துடுவீங்க."

சீக்கிரம். ஒரு தடவை ஏமாந்தவள், இன்னொரு தடவையும் ஏமாறுவாள் என்று கணக்குப் போடுகிறான்... மிலாடாவுக்கு அப்படித்தான் பட்டது. இருந்தாலும் போனை வைக்க மனம் வரவில்லை. பொருள் உண்மையாக இருந்து அவள் சரியாகச் சொன்னால் போன பெயர் திரும்பும். இன்னொரு போலிக்கு முத்திரை குத்தினால் அதோடு அவள் கதை முடிந்தது. அதனால் நிபந்தனை போட்டாள். கோப்பைகள் அந்த வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. அவள் பார்க்கிற அன்று ரடோவன் அங்கே இருக்கக் கூடாது, பிராகுக்குப் போய்விட வேண்டும். அவள் தனியாகத்தான் பார்ப்பாள்.

வென்செல் ஹெல்மிக் நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால் அந்த மலையில் கண்ணாடி ஊதியவன். யுரேனியம் கலந்த மஞ்சள்பச்சைக் கோப்பைகள். பெயரோ முத்திரையோ போடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. நிச்சயமாக அவனுடையவை என்று சொல்லக்கூடியவை மூன்றே மூன்று, மூன்றும் அருங்காட்சியகங்களில். மூன்றிலும் ஒரே அடையாளம். தண்டுக்குள் ஒரு காற்றுக் குமிழி, கண்ணீர்த்துளி அளவு... அது இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். குழலைப் பிடிக்கிற கைவாகு அது, இன்னொருவனுக்கு வராது. நாற்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்தான். சர்ச் பதிவேட்டில் காரணம் ஒரே சொல்லில் எழுதியிருக்கிறார்கள்: மூச்சு.

சாவி எதிர்வீட்டு ப்ளாங்காவிடம் இருந்தது. அந்தக் கிராமத்துக்குத் தபால் கொண்டுபோகிறவள் அவள்தான். உள்ளே கூப்பிட்டு, சுடச்சுடப் பூண்டு சூப்பை மேசையில் வைத்தாள். மிலாடா கரண்டியைத் தொடவில்லை. இவளும் ரடோவனின் ஆளாக இருக்கலாம் அல்லவா.

"ரடோவனை ரொம்ப நாளாப் பழக்கமா?"

"பழக்கமா? லாரியை விட்டு என் வேலியை இடிச்சவன். போன இலையுதிர் காலத்துல இருந்து நாளைக்குக் கட்டித் தர்றேன்னு சொல்லிட்டிருக்கான்."

"நேத்து அந்த வீட்டுல ஆள் நடமாட்டம் இருந்ததா?"

"ஆள் இல்ல. அடுப்பு வாசனை வந்தது."

"ஆள் இல்லாம எப்படிம்மா அடுப்பு எரியும்?"

ப்ளாங்கா தோளைக் குலுக்கினாள். "நீங்க கண்ணாடி பாக்குறவங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இருந்தாலும்... உள்பக்கம் ஊதித் துடைச்சிடாதீங்க."

அந்த மலைக்காரர்களின் பழக்கம் அது. கோப்பையை வெளிப்பக்கம் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊதித் துடைக்கலாம். உள்பக்கம் மட்டும் கூடாது. உள்ளே இருப்பது ஊதியவனுடைய மூச்சு, அதில் நம் மூச்சைக் கலக்கக் கூடாது என்பார்கள். மிலாடாவின் அப்பாவும் பட்டறையில் கண்ணாடி செதுக்கியவர்தான். ஏழு வயதில் அவள் ஒரு கோப்பைக்குள் ஊதியதற்கு அவர் கை நீட்டி அடித்திருக்கிறார்.

"இதுவும் ரடோவன் சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டாள் மிலாடா.

ப்ளாங்கா மேசைக்கு வந்தாள். சாவியை வைத்தாள். சூப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே இருந்ததைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம். மிலாடா முதலில் கதவை உள்ளே பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டாள். அடுப்புச் சாம்பலில் கையை விட்டுப் பார்த்தாள். ஐஸ். அடுப்பு எரிந்து வாரக்கணக்கு ஆகியிருக்கும். ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் மேசையில் தன்னுடைய கறுப்புக் கம்பளித் துணியை விரித்து, ஐந்து கோப்பைகளையும் வரிசையாக வைத்தாள்.

புறஊதாக் கதிர் விளக்கைப் போட்டாள். ஐந்தும் பச்சையாக ஒளிர்ந்தன. அது பெரிய விஷயம் இல்லை, யுரேனியம் போட்டால் நேற்றுச் செய்ததும் ஒளிரும். கவிழ்த்து அடித்தட்டைப் பார்த்தாள். பொய் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். தலைமுறை தலைமுறையாக மேசையில் வைத்து எடுத்த கோப்பை என்றால், மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். போலி செய்கிறவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது... கல்லில் வைத்துத் தேய்ப்பான். அவன் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் போகும்.

லென்ஸுக்குக் கீழே கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடின. ஐந்திலும். தண்டைத் திருப்பிப் பார்த்தாள். குமிழி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதுவும் ஐந்திலும்.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். மிலாடா லென்ஸை எடுத்து முதல் கோப்பையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். நீலப் பூச்சாடியிலும் இப்படித்தான் எல்லாமே சரியாக இருந்தது.

அப்போது ஒரு வாசனை... ஈர மரம் கருகுகிற வாசனை. பட்டறைப் பக்கம் வளர்ந்த யாருக்கும் அது தெரியும். தண்ணீரில் ஊறிய மர அச்சுக்குள் பழுக்கக் காய்ச்சிய கண்ணாடியை இறக்கும்போது வருகிற வாசனை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. கூடவே ஒரு சத்தம். டிக். குழலின் முனையிலிருந்து கோப்பையைத் தட்டி முறிக்கிற சத்தம். ஒரே ஒரு தடவை.

"மாட்டினடா," என்று முணுமுணுத்தாள்.

ரடோவன் நிலவறையில் உலை வைத்திருக்கிறான், அங்கேதான் செய்கிறான்... வேறு என்ன. பயப்படவில்லை, உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் என்றே லுபோரிடம் சொல்லியிருக்கிறாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். உருளைக்கிழங்கு மூட்டை. பனி வாரும் மண்வெட்டி. ஒரு உடைந்த சறுக்குவண்டி. சுவரெல்லாம் ஒட்டடை. நான்கு சுவரையும் தட்டிப் பார்த்தாள். எல்லாம் கெட்டிக் கல். கீழே அந்த வாசனையே இல்லை.

மேலே ஏறி வந்தாள்.

துணியில் ஆறு கோப்பைகள்.

விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறுதான். "ரடோவன், விளையாட்டுப் போதும். வெளிய வா," என்றாள். வீடு அப்படியே இருந்தது. கதவைத் திறந்து வாசலில் டார்ச் அடித்தாள். பனியில் ஒரே ஒரு காலடி வரிசை, வீட்டைப் பார்த்து வந்தது. அவளுடையது. வீட்டைச் சுற்றியும் அடித்துப் பார்த்தாள். ஒரு பூனை நடந்த தடம்கூட இல்லை.

போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"பிராக் ஸ்டேஷன்ல மேடம். நீங்கதானே போகச் சொன்னீங்க." பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

"எத்தனை கோப்பைன்னு சொன்ன?"

"அஞ்சு."

"அப்ப ஆறாவது?"

"எந்த ஆறாவது?" அவன் குரல் இறங்கியது. "மேடம்... ஆறாவது ஒண்ணு இருக்கா? எங்க இருந்தது? நான் மூலை முடுக்கெல்லாம் தேடினேனே..."

அந்தப் பேராசை நடிப்பு இல்லை. வியாபாரிகளின் குரலை இருபத்திரண்டு வருடம் கேட்டவளுக்கு அது தெரியும். போனை வைத்தபோதுதான் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

ஆறாவதைக் கையில் எடுத்தாள். குமிழி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அடித்தட்டில் ஒரு கீறல் இல்லை. ஒன்றுகூட. பிறந்ததிலிருந்து எந்த மேசையிலும் வைக்காத கோப்பை. அதோடு... அது சூடாக இருந்தது. உலையிலிருந்து எடுத்து நன்றாக ஆறாத சூடு.

நீங்களும் நானும் என்றால் அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்போம். மிலாடாவால் முடியவில்லை. ஓடினால் கடிதத்தில் என்ன எழுதுவது? மூன்று வருடமாகக் காத்திருந்த கடிதம் அது. பேய் பிடித்த கோப்பை என்றா எழுத முடியும்? எங்கேயோ ஒரு தந்திரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் சிலர் தங்கள் முத்திரையை அமிலத்தால் போடுவார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மூச்சு விட்டால் ஆவி படிந்து, ஐந்தாறு விநாடி தெரிந்து மறையும். குளிரில் கோப்பை ஆறும்வரை காத்திருந்து, அடித்தட்டில் ஊதினாள். ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் சுற்றிலும் ஊதினாள். ஒன்றும் இல்லை. விளக்குப் பக்கம் சாய்த்தபோது, உள்ளே, கோப்பையின் அடியில், மயிரிழை அளவுக்கு ஏதோ தெரிந்தது. கோடா... எழுத்தா...

முத்திரையாக இருந்தால் ரடோவன் கையும் களவுமாக அகப்பட்டான். அவளும் பிழைத்தாள். அப்பாவின் அடி அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்ததாம். வந்தும், விளிம்பில் வாயை வைத்து உள்ளே ஊதினாள்.

"ஹா..."

வெள்ளையாக ஆவி படிந்தது. முத்திரை எதுவும் இல்லை. வெறும் கண்ணாடி. ஆவி மறையட்டும் என்று காத்திருந்தாள். பத்து விநாடி. இருபது. அது மறையவில்லை. மெதுவாகச் சுருங்கி அடிவரைக்கும் போயிற்று... நின்றது... மறுபடி விரிந்து விளிம்புவரைக்கும் வந்தது. மறுபடி சுருங்கியது. நடுவில் ஒரு தடங்கல், இளைப்புக்காரன் மூச்சை இழுக்கிற மாதிரி.

அப்போதும் அவளுக்குச் சந்தேகம்தான். தன்னுடைய மூச்சுக்காற்று பட்டுத்தான் அசைகிறதோ என்று வாயையும் மூக்கையும் கையால் பொத்தினாள். அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

கோப்பையைத் துணியில் வைத்தாள். பையை எடுக்கவில்லை, லென்ஸை எடுக்கவில்லை. பாதையைக் கடந்து போய் ப்ளாங்காவின் கதவைத் தட்டினாள். ப்ளாங்கா வாசல் விளக்கைப் போட்டாள். மைனஸ் பதினான்கு டிகிரி. மிலாடாவின் முகத்தைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வழி விட்டாள். இந்தத் தடவை சூப்பை மிலாடா மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

விடிந்ததும் இரண்டு பேருமாகப் போனார்கள். துணியில் ஐந்து கோப்பைகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், கம்பளித் துணி வட்டமாகக் கருகியிருந்தது, ஒரு அடித்தட்டு அளவுக்கு.

ஐந்துக்கும் கடிதம் எழுதினாள். வென்செல் ஹெல்மிக், ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகள். பிராகில் இன்னும் நான்கு நிபுணர்கள் பார்த்து, அவள் சொன்னதுதான் சரி என்றார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. அருங்காட்சியகத்தில் கூப்பிட்டு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரடோவன் பெரிய பூங்கொத்து அனுப்பினான். ப்ளாங்காவின் வேலி மட்டும் அப்படியே கிடந்தது.

ஏப்ரலில் லிபெரெட்ஸ் நகரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தான். சந்தையில் பழப்பாகுப் பாட்டில்களுக்கு நடுவே கிடந்தது என்று ஒரு கோப்பையை எடுத்து வைத்தான். மஞ்சள்பச்சை. குமிழி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மிலாடா கவிழ்த்துப் பார்த்தாள். கீறலே இல்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"இந்த அடித்தட்டுல கொஞ்சம் ஊதுங்க," என்றாள் அவனிடம்.

"நானா?"

"நீங்கதான்."

ஊதினான். முத்திரை எதுவும் தெரியவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். செய்தவர்: வென்செல் ஹெல்மிக். செய்த காலம்: இந்த வருடம்.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "மேடம், ஹெல்மிக் மண்ணுக்குள்ள போய் நூத்தி எண்பது வருஷம் ஆச்சு."

"தெரியும்."

"அப்புறம் இது எப்படி?"

"எப்படின்னு நீங்க வந்தப்ப கேக்கல. யாரு, எப்பன்னுதான் கேட்டீங்க."

'ஹெல்மிக் பாணியில் செய்த புதுப்பொருள்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் நீலப் பூச்சாடிக்குப் பிறகு அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள், கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு சொல் எழுதுவதில்லை என்று. லுபோர் இதைச் சொன்னபோது எனக்கு அந்தப் பெண்மணி மேல் பெரிய மரியாதை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அந்தக் கடிதம் ஒரே வாரத்தில் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். நாற்காலி மறுபடி போயிற்று. இந்தத் தடவை ஒரு பொய்கூட எழுதாமலே போயிற்று.

லுபோருக்கு இதெல்லாம் தெரிந்தது போன மாதம்தான். பெரியம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஏதோ பரிசோதனை, நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நல்ல குளிர். காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஓட்ட ஓட்டக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே வந்தது. அவன் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினான். மூன்றாவது தடவை துடைக்கும்போதுதான் கவனித்தான்.

ஆவி அவன் பக்கம் மட்டும்தான் படிந்தது. பெரியம்மா உட்கார்ந்திருந்த பக்கம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. திரும்பி அவளைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வண்டியை ஓரம் கட்டினான். "பெரியம்மா... உங்க மூச்சு..."

அப்போதுதான் மிலாடா எல்லாவற்றையும் சொன்னாள், சாலையைப் பார்த்தபடியே, ஒன்றுவிடாமல். சொல்லி முடித்துவிட்டுக் கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

"என் மூச்சு யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும்டா," என்றாள். "அதை வச்சு இதுவரைக்கும் எத்தனை கோப்பை ஊதியிருக்கான்னுதான் தெரியல."